கூடிப் பாடும்போது உங்களுக்கு நடந்தது என்ன?

கோவைக்காரன்:
தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வேலைக்கு வந்த புதிதில் ஒரு புரட்டாசி சனிக்கிழமை. இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு வீட்டில் பஜனை. 2023, லோட் ஷெடிங் படுத்திய வருடம். பாட்டு நடுவில் கரண்ட் போய்விட்டது. ஆங்கில எழுத்தில் அச்சடித்த புத்தகத்தைப் பார்த்துப் பாடியவர்கள் எல்லாம் நிறுத்திவிட்டார்கள். நானும்தான். எனக்குத் தமிழ் தெரியும், பாட்டு தெரியாதே.

மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த ஆயா மட்டும் நிறுத்தவில்லை. டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பேரக்ஸில் பிறந்தவர், அறுபதுகளில் அங்கிருந்தவர்களைக் கிளப்பியபோது சாட்ஸ்வொர்த்துக்கு வந்தவர். தமிழ் படிக்கத் தெரியாது, பேச்சிலும் பாதி ஆங்கிலம். ஆனால் இருட்டில் ஒரு சொல் பிசகவில்லை. ஒவ்வொரு அடி முடிவிலும் தாளத்தை இரண்டு தட்டு தட்டி எங்களுக்காக நிற்பார். நாங்கள் வாங்கிப் பாடுவோம். பேரன் ஜெனரேட்டரைப் போட எழுந்தான். “இருப்பா, பாட்டு ஃபினிஷ் ஆகட்டும்” என்று அதட்டி உட்கார வைத்தார்.

சந்தேகப்பிராணி:
ஆயாவுக்கு ஒரு கும்பிடு. ஆனால் பாடினால் மனசு ஒட்டும், தனிமை போகும் என்று ஆளாளுக்குச் சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை. டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் எங்கள் குழுவில் பாட்டு ஒரு மணி நேரம், அப்புறம் டீ, சமோசா, ஊர்க்கதை இரண்டு மணி நேரம். மனைவி போன பிறகு நான் போனது சமோசாவுக்குத்தான். ஆக்ஸ்ஃபோர்டில் உளவியல் ஆய்வாளர் ராபின் டன்பாரும் கூட இருந்தவர்களும் 2015-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். பாட்டு வகுப்பு, கைவினை வகுப்பு, எழுத்து வகுப்பு எல்லாவற்றையும் ஏழு மாதம் கவனித்தார்கள். கடைசியில் எல்லா வகுப்பிலும் நெருக்கம் ஏறக்குறைய ஒன்றுதான். பாட்டு வகுப்புக்காரர்கள் சீக்கிரம் ஒட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

வார்டு சிஸ்டர்:
அந்த “அவ்வளவுதான்” தானே அங்கிள் விஷயமே! புது வார்டில் ஏழு மாதம் யார் காத்திருப்பது? காலையில் டியூட்டி மாறும்போது எங்கள் ஜூலு சிஸ்டர்கள் பாடிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். ஒருவர் எடுப்பார், மற்றவர்கள் மேலும் கீழுமாகப் பிரிந்து சேர்ந்துகொள்வார்கள். காகிதமே கிடையாது. நான் பைலைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நிற்பேன். ஒருநாள் மூத்த சிஸ்டர் ஒருவர், பாட்டை விடாமலே, என் முழங்கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அவருடைய அடிக்குரல் என் விலாவில் அதிர்ந்தது. சொல் தெரியாததால் “ம்...” என்று இழுத்தேன். அன்று மதியம்தான் முதல்முறையாக என்னை டீக்குக் கூப்பிட்டார்கள்.

ஸ்வீடனில் 2013-இல், சேர்ந்து பாடுகிறவர்களின் இதயத் துடிப்பு ஒன்றாக ஏறி இறங்குவதை அளந்திருக்கிறார்கள். மந்திரம் ஒன்றும் இல்லை. எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கி ஒரே இடத்தில் விடுகிறார்கள், துடிப்பும் கூடவே போகிறது.

மெரிபேங்க் மருமகள்:
என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. தைப்பூசக் காவடிக்கு முன்னால் வீட்டுக்குப் பாட வந்தார்கள். முதல் தடவை பல்லவிக்கு உதடு அசைந்தது. அடுத்த தடவை சொல்லோடு குரலே வந்துவிட்டது! மாமியார் கையில் கரண்டியோடு ஓடி வந்தார். பாட்டு நின்றதும் பேச்சும் நின்றது. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மாவிடம் சொன்னேன், அவர் ஆச்சரியப்படவில்லை. பேச்சு பெரும்பாலோருக்கு மூளையின் இடப் பக்கம், ராகத்துக்கு வலப் பக்கமும் கை கொடுக்கும், இதை வைத்தே சிகிச்சை செய்கிறார்கள் என்றார். என் பெயர் இன்னும் மாமனார் வாயில் வரவில்லை. பல்லவி வருகிறது.

சுருதிப்பெட்டி:
எங்கள் குழு ஒருமுறை சாவு வீட்டில் பாடியபோது, வாசலில் நின்ற மகன் நாலாவது பாட்டில் உள்ளே வந்து உட்கார்ந்தான். என் கதை இவ்வளவே. ஆனால் குழு ஆரம்பிக்க நினைப்பவர்களுக்குச் சில சொல்கிறேன். மைக் வேண்டாம், மைக் வந்தால் பாடுகிறவர் ஒருவர், கேட்கிறவர் முப்பது பேர் ஆகிவிடும். வரிசையாக உட்காராமல் அரைவட்டமாக உட்காருங்கள். குரல் நடுங்குகிறவரை இரண்டு கெட்டிக் குரலுக்கு நடுவில் போடுங்கள். வருடக்கணக்கில் பாடியவருக்கே முதலிடம் என்று வைத்தால் புதியவர் மறுவாரம் வரமாட்டார். அப்புறம் ஜன்னலைத் திறந்து வையுங்கள். 2020 மார்ச்சில் அமெரிக்காவின் ஸ்காஜிட் பள்ளத்தாக்கில் ஒரு சேர்ந்திசைப் பயிற்சிக்கு வந்த 61 பேரில், சந்தேகத்துக்குரியவர்களையும் சேர்த்து 53 பேருக்குக் கோவிட், இருவர் இறந்தார்கள். ஆகவே இருமல் உள்ளவர் வீட்டிலேயே இருக்கட்டும். சுருதி, அதாவது எல்லோரும் பிடித்துப் பாடும் ஆதாரக் குரல், ஐந்து கட்டை (கட்டை ஏற ஏறக் குரலும் உயரும்), அதில் பேச்சே இல்லை.

சந்தேகப்பிராணி:
ஐந்து கட்டையா? அது பெண்களுக்குச் சரி தம்பி. எங்கள் தாத்தாக்கள் உச்சத்தில் வாயை மட்டும் அசைப்பார்கள். ஒரு கட்டையில் தாழ்த்தி வைத்தால் பெண்கள் முணுமுணுப்பார்கள். நாங்கள் பாட்டுக்குப் பாட்டு மாற்றிக்கொள்கிறோம், சண்டையும் பாட்டுக்குப் பாட்டு நடக்கிறது. கோவைக்காரரே, ஆயா எந்தக் கட்டையில் எடுத்தார்?

கோவைக்காரன்:
அங்கே பெட்டியே இல்லை அங்கிள். அவர் எடுத்த இடத்தில் நாங்கள் பிடித்துக்கொண்டோம்.