நாலாவது ரவுண்டுல துப்பாக்கிக்குள்ள தோட்டா கேஸ் மாட்டிக்கிச்சு, உங்களுக்கு இப்படி ஆயிருக்கா?

என்சிசி_95
என்சிசில இருந்தவங்களுக்கு கோக்கான்னா என்னன்னு சொல்ல வேண்டாம். மத்தவங்களுக்கு: சுட்டப்புறம் மிஞ்சுற காலி தோட்டாக் கூடு, அதான் கேஸ். 95ல கேம்ப், தாம்பரம் தாண்டி ரேஞ்சு, பாயின்ட் டூ டூ ரைஃபிள், ஆளுக்கு அஞ்சு ரவுண்டு. அன்னிக்குப் பிரிச்ச டப்பா பழசு, கேஸ்ல அங்கங்க பச்சையா களிம்பு, சுடச் சொல்லித் தர்ற உஸ்தாத்கிட்ட யாரு வாயத் தொறக்கிறது. நாலாவது சுட்டுட்டு, பின்னாடி தாழ்ப்பாள் மாதிரி இருக்கிற போல்ட்ட இழுக்கிறேன், சும்மா வருது, கேஸ் வரல. கேஸை வெளிய இழுக்கிற கொக்கி, அதான் எக்ஸ்ட்ராக்டர், கேஸோட அடி விளிம்பு ரிம்மைப் பிச்சுட்டு வந்துருச்சு. உஸ்தாத் முன்பக்கமா க்ளீனிங் ராடை விட்டு ரெண்டு தட்டு தட்டுனாரு, டொக்குனு என் உள்ளங்கைல விழுந்துச்சு. ரிம்ல பிறை மாதிரி ஒரு துண்டைக் காணோம். "போல்ட்ட பிடுங்குறியா இழுக்குறியா"ன்னு எல்லார் முன்னாடியும் திட்டு. அஞ்சாவது ரவுண்டு தரவே இல்ல. தப்பு என் கைலயா, பித்தளைலயா?

ஆவடி_எக்ஸ்சர்வீஸ்
தம்பி, பித்தளைய குறை சொல்லாதீங்க. காஷ்மீர்ல பிடிச்ச ஏகே ரவுண்டு பாத்திருக்கேன், கேஸ் இரும்பு, மேல பச்சை லாக்கர். காந்தம் காட்டுனா டக்குனு ஒட்டும். அந்த மாதிரி இரும்பு கேஸ் போட்டா பேரல் சீக்கிரமே காலி. நம்ம ஆர்மி இன்சாஸ் ரைஃபிளுக்கு பித்தளைதான், அவ்ளோதான் விஷயம்.

அம்பத்தூர்_லேத்
ஐயா, கேஸ் எங்க பேரலுக்குள்ள போகுது? அது பின்னாடி தோட்டா உக்கார்ற குழி, சேம்பரோட நின்னுருது, பேரல்ல உரசிட்டுப் போறது புல்லட்டு. இரும்பு கேஸ் ரவுண்டுல நிறைய புல்லட்டுக்கு மேலுறை ஜாக்கெட்டும் இரும்பு, மேல மெல்லிசா செம்பு பூச்சு, பேரலுக்குள்ள சுருளா வெட்டியிருக்கிற ரைஃப்ளிங்கைத் தேய்க்கிறது அதுதான். பழி மட்டும் கேஸ் மேல.

கேஸோட பிரச்சினை வேற. தோட்டாவுக்குப் போடுற பித்தளை 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். சுட்டதும் விரிஞ்சு சேம்பர் சுவரை அடைச்சுக்கும், பிரஷர் இறங்குனா திரும்பச் சுருங்கிக்கும். இரும்பு அந்த அளவுக்கு சுருங்காது, அடைப்பும் சுமார்தான், கரி பின்னாடி சேம்பருக்குள்ள வந்து படியும். ஏகே கேஸ் கூம்பு மாதிரி இருக்கும், இத்தனூண்டு பின்னாடி நகர்ந்தாலே சுவரை விட்டு விலகிரும், அதான் அதுல இரும்பு ஓடுது. இன்சாஸோட 5.56 கேஸ் கிட்டத்தட்ட நேரா இருக்கும், அதுல மாட்டுறதுக்கு சான்ஸ் ஜாஸ்தி.

95 தம்பி, என் அக்கா பையன் கிளப்புல பாயின்ட் டூ டூ சுடுறான், அவனுக்கும் இதேதான். சேம்பர் வாய்ல பிரஷ் விட்டா கறுப்பா வளையம் வளையமா மெழுகும் கரியும் ஈயமும் வந்துச்சு, அப்புறம் மாட்டல. உங்களுக்கு முன்னாடி அன்னிக்கு எத்தனை பேர் சுட்டாங்க?

மயிலை_பேரன்
எங்க தாத்தாவோட 12 போர், அதுக்குப் பழைய பேப்பர் தோட்டா, டிரங்குப் பெட்டில. எலக்ஷன் வந்தா துப்பாக்கி ஸ்டேஷன்ல ஒப்படைச்சிருவோம், தோட்டா பத்தி யாரும் யோசிச்சதே இல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்துல வீட்டுக்குள்ள முட்டி வரைக்கும் தண்ணி. அப்புறம் பெட்டியத் தொறந்தா ஒவ்வொண்ணும் ஊறின அப்பளம் மாதிரி உப்பி, அடியில பித்தளை மட்டும் பச்சையா. அப்பா ஒண்ணை எடுத்து பேரல்ல வச்சுப் பாத்தாரு, பாதிக்கு மேல இறங்கல. அம்மா போட்ட சத்தத்துல எடுத்துட்டாரு.

கெமிஸ்ட்ரி_வாத்தியார்_ரிட்டயர்டு
நான் துப்பாக்கிய கிட்டப் பாத்தது பேங்க் வாசல்லதான், இருந்தாலும் சொல்றேன். பச்சைக் களிம்பு மேலோட்டம், விரிசல்தான் ஆபத்து. பிரிட்டிஷ் காலத்துல இங்க மழைக்காலத்துல தோட்டா சும்மா வச்ச இடத்துலயே விரிசல் விட்டுச்சு. சீசன்ல வர்றதால சீசன் கிராக்கிங்னே பேரு. 1921லதான் காரணம் தெளிவாச்சு: அம்மோனியா. குதிரை லாயத்துல மூத்திரத்துலேர்ந்து வர்ற ஆவி, ஏற்கெனவே இழுவிசையில இருக்கிற பித்தளைய உடைச்சிருது. ஆகையால் லைசென்ஸ் வச்சிருக்கவங்க அம்மோனியா கலந்த க்ளீனர் பக்கத்துல தோட்டா வைக்காதீங்க, குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்க்காதீங்க, வழுக்கிட்டு வரட்டும்னு எண்ணெயும் தடவாதீங்க, கேஸ் சுவரைப் பிடிக்காம போல்ட் மேல மொத்த அடியும் விழும்.

ஆவடி_எக்ஸ்சர்வீஸ்
லேத் சார், நான் சொன்னது ஃபீல்டுல பாத்தது. புக்குல படிச்சதில்ல.

அம்பத்தூர்_லேத்
நான் சொன்னதும் புக்கு இல்லைங்க, பிரஷ்ல வந்தது.

என்சிசி_95
லேத் அண்ணே, ஒண்ணா படுத்துச் சுடுற செட்டுதான் டீடெய்ல், எங்க டீடெய்லுக்கு முன்னாடி பதினோரு டீடெய்ல். நடுவுல யாரும் பிரஷ் விட்டதை நான் பாக்கல. அந்த உஸ்தாத் இப்ப எங்க இருக்காரோ, அஞ்சாவது ரவுண்டு பாக்கி இருக்கு.