மறு: 'ஊடுருவாச் செயற்கைச் சுவாசம்' – குழந்தைகளுக்குப் பொருந்துமா?

> 'ஊடுருவாச் செயற்கைச் சுவாசம்' என்றே வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, உடலுக்குள் குழல் செருகாமல் முகமூடி போன்றவற்றின் வழியே கருவி மூச்சுக்கு உதவும் சிகிச்சைக்கு, ஆங்கிலத்தில் 'non-invasive ventilation' என்பதற்கு, தமிழ்க் கலைச்சொல் தேடுகிறோம். 'செயற்கைச் சுவாசம்' என்றதும் தீவிர சிகிச்சைப் பிரிவுதான் கண்முன் வரும். நாம் பேசுவது வேறு. முதுகுத் தண்டுவடத் தசைச் சிதைவு (தசைகள் வலுவிழக்கும் பரம்பரை நோய்) உள்ள குழந்தை பகலில் தானே மூச்சு விடலாம், பள்ளிக்கும் போகலாம். உறங்கும்போது, அதிலும் கனவு வரும் உறக்கத்தில், தசைகள் தளர்ந்து மூச்சின் ஆழம் குறையும்; இரத்தத்தில் கரியமில வாயு தேங்கும்; காலையில் தலைவலியோடு எழும். இரவுதோறும், ஆண்டுக்கணக்கில், வீட்டிலேயே கருவி அதற்குக் கைகொடுக்கிறது. வழித்துணை, பேச்சுத்துணை என்ற வரிசையில் 'மூச்சுத்துணை' இயல்பாகவே சேரும்.

'ஊடுருவா' என்பதும் உறுத்துகிறது. காற்று உள்ளே போகத்தானே செய்கிறது? போகாதது குழல். வாய்வழியே மூச்சுக்குழாய்க்குள் குழல் செருகுவதில்லை, கழுத்தில் துளையிட்டும் பொருத்துவதில்லை. என் பரிந்துரை: 'நெடுங்கால உட்குழலிலா மூச்சுத்துணை'.

> 'முகமூடி மூச்சுத்துணை' என்றால் பெற்றோருக்குச் சட்டென்று புரியும்.

புரியும்தான். ஆனால் மூக்குத் துளைகளில் பொருந்தும் சிறு மெத்தைகளும், பகலில் வாயில் கவ்விக்கொள்ளும் குழலும் விடுபட்டுப்போகும். 1928இல் பாஸ்டனில் இளம்பிள்ளைவாதம் கண்ட 8 வயதுச் சிறுமிக்குப் பயன்படுத்திய இரும்பு நுரையீரலில் முகமூடியே கிடையாது. உடலைச் சுற்றிக் காற்றழுத்தத்தைக் குறைத்து மார்பை விரியவைத்தது அது. கலைச்சொல் அதற்கும் இடம் தரவேண்டும். பெற்றோர் கையேட்டில் மட்டும் 'முகமூடி' இருக்கட்டும்.

> அப்படியானால் 'மூச்சூட்டல்' என்ற சொல்லைக் கைவிடுகிறோமா?

வேண்டாம், அதற்கு வேலை இருக்கிறது: கருவியே மூச்சை உந்தித் தருவதை மட்டும் அது குறிக்கட்டும். 'தொடரழுத்தக் கருவி' (CPAP) ஒரே அளவு அழுத்தம் தந்து மூச்சுவழி மடங்காமல் விரித்துவைக்கும், அவ்வளவே, மூச்சை உந்தாது. 'ஈரழுத்தக் கருவி' (BiPAP) உள்மூச்சுக்குக் கூடுதலாகவும் வெளிமூச்சுக்குக் குறைவாகவும் அழுத்தத்தை மாற்றித் தளர்ந்த தசைக்காக உந்தும். இரண்டும் மூச்சுத்துணை, பின்னது மட்டுமே மூச்சூட்டல். பலர் இவ்விரண்டையும் ஒரே பெயரில் போட்டுக் குழப்புகிறார்கள்.

> முகமூடியில் காற்று வெளியேறும் ஓட்டையை 'கசிவு' என்று எழுதியிருக்கிறேன்.

மாற்றிவிடுங்கள் அம்மா. விளிம்பு சரியாகப் பொருந்தாமல் காற்று கண்ணில் அடிப்பதுதான் கசிவு. நீங்கள் சொல்வது வேண்டுமென்றே வைத்த துளை. விட்ட காற்று அதன் வழியாகத்தான் வெளியேற வேண்டும். கசிவு என்று படித்துவிட்டு யாராவது ஒட்டுநாடா போட்டு அடைத்தால், குழந்தை தான் விட்ட காற்றையே திரும்ப இழுக்கும். 'வெளிமூச்சுத் துளை' என்றே இருக்கட்டும். பக்கத்திலேயே 'அடைக்கக் கூடாது' என்றும் சேருங்கள்.