சமூகப்பணி ஆசிரியருக்குக் கட்டுரைக் கணக்கு தேவையா?

களம்முதல்: எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) மாணவர்கள் வாரம் இரண்டு நாள் களப்பணிக்குப் போகிறார்கள். ஒருவர் தன் குறிப்பேட்டில், "குடிநோயாளியின் மனைவிக்கு ஆலோசனை வழங்கினேன்" என்று ஒரே வரி எழுதி வந்தார். அந்தப் பெண் என்ன சொன்னார், பேச்சு எங்கே நின்றது என்று உட்காரவைத்துக் கேட்டேன். கணவர் இனி வீட்டுக்கு வரவே வேண்டாம் என்று அந்தப் பெண் சொன்னதை மாணவர் எழுதாமல் விட்டது அப்போதுதான் தெரிந்தது. எங்கள் பதவி உயர்வுப் படிவத்தில் இந்த வேலைக்கு இடமே இல்லை. 2018 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி கல்லூரியில் பேராசிரியராக உயர ஆய்விதழ்களில் 10 கட்டுரைகளாவது வேண்டும். ஆசிரியரின் நேரம் எந்தப் பக்கம் போகும்?

தரவாளன்: அம்மா, 1936இல் மும்பையில் டாட்டா சமூகப்பணிப் பட்டமேற்படிப்புப் பள்ளி தொடங்கியது முதல் சமூகப்பணி கற்பிக்கிறோம். இன்றும் அமெரிக்கப் பாடநூல்களைப் புரட்டுகிறோம். மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது மருமகளிடம் எப்படிப் பேசுவது என்பது உங்கள் குறிப்பேடுகளில்தான் இருக்கிறது. அவை துறை அலமாரியில் கிடந்து பழைய காகிதக் கடைக்குப் போகின்றன. கட்டாயம் இல்லாவிட்டால் யார் எழுதுவார்கள்?

களம்முதல்: கட்டாயத்தால் வந்தது என்ன? சொந்தக் கல்லூரி மாணவிகளிடமே கேள்விப் படிவம் கொடுத்து, 'மன அழுத்தமும் தன்மதிப்பும்' என்று அவசரமாக ஒரு கட்டுரை. செங்கல் சூளைக் கொத்தடிமைக் குடும்பம் வாய்திறக்க ஒரு பருவம் காத்திருக்க வேண்டும். அதை யார் தொடுவார்? காசு வாங்கி அச்சிடும் இதழ்கள் பெருகின. 2018 மே மாதம் யுஜிசியே தான் ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. 2019இல் தரமான இதழ்களுக்கென்று 'கேர்' என்ற புதுப் பட்டியல் கொண்டுவந்தார்கள். 2025இல் அதையும் கைவிட்டார்கள்.

ஆய்வுமாணவி: முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயம் என்பதை யுஜிசி 2022இலேயே எடுத்துவிட்டது. ஆனாலும் நெறியாளர் கேட்கிறார். கழிவுநீர்த் தொட்டியில் கணவரைப் பறிகொடுத்த பெண்களைப் பற்றி ஆராய்கிறேன். உச்ச நீதிமன்றம் 2023இல் இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. அதைப் பெறவிடாமல் எந்த அலுவலகத்தில் எந்தச் சான்றிதழ் மறிக்கிறது என்று தமிழில் எழுதினால் அவர்களுக்கே உதவும். அது கணக்கில் சேராது என்கிறார்கள்!

தரவாளன்: அதைச் சேர்த்தே ஆக வேண்டும், உங்களோடு நிற்கிறேன். ஆனால் எழுதாத ஆசிரியரை ஏற்க மாட்டேன். பத்தை மூன்றாக்குங்கள், மூன்றும் களத்திலிருந்து வரட்டும்.

களம்முதல்: மூன்றுக்குச் சம்மதம். களப்பணி மேற்பார்வை நேரத்தை முதலில் பணிச்சுமைக் கணக்கில் ஏற்றுங்கள். அதற்கு முன் ஒன்றுகூடக் கேட்காதீர்கள்.