கடைக் கத்திக்குப் புதுப் பிடி: என் முதல் முயற்சி

கத்தி செய்து பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. உலையும் இல்லை, பட்டறைக்கல்லும் இல்லை. அதனால் தொழிற்சாலையில் செய்த ஒரு சமையலறைக் கத்தியை வாங்கி, அதை என் கைக்கு ஏற்றபடி மாற்ற இறங்கினேன். புதிதாக இதில் வருகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். கத்தி செய்வதிலேயே கடினமான வேலை எஃகைக் காய்ச்சிக் குளிரவைத்துப் பதம் ஏற்றுவது. அதைத் தொழிற்சாலையே முடித்துக் கொடுத்துவிடுகிறது. அந்தப் பதம் கெடாமல் பார்த்துக்கொண்டால் போதும், மற்ற எல்லாவற்றையும் நம் இஷ்டத்துக்கு மாற்றலாம்.

நான் எடுத்தது 1095 என்ற கார்பன் எஃகுக் கத்தி. கார்பன் ஏறக்குறைய 0.95 சதவீதம். கவனிக்காமல் விட்டால் துருப்பிடிக்கும், ஆனால் தீட்டுவது சுலபம். கத்தியின் வால், அதாவது அலகிலிருந்து பிடிக்குள் நீளும் எஃகுப் பகுதி, பிடியின் கடைசிவரை ஓடுகிறது. அதன் இரு பக்கமும் மரத்துண்டு, அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் உலோக ஆணிகளான ரிவெட்டுகள் நடுவே. இந்த அமைப்பில் உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரியும். முதல் முயற்சிக்கு மடக்குக் கத்தி வேண்டாம். அச்சாணியும் பூட்டும் துளி நகர்ந்தாலும் கத்தி சரியாக நிற்காது.

வேலை தொடங்குமுன் வாய்ப்பகுதியில் அட்டையை மடித்து வைத்து, மேலே டேப்பை நன்றாகச் சுற்றிவிட வேண்டும். அரம் பிடிக்கும்போது கை வழுக்கும் திசை பெரும்பாலும் கத்தியின் வாயை நோக்கித்தான் இருக்கும்.

பழைய பிடியைக் கழற்ற, ரிவெட்டின் தலையில் சென்டர் பஞ்ச் என்ற கூர்முனைக் கருவியால் ஒரு புள்ளி குத்தி, தலை மட்டும் போகும் அளவுக்குத் துளையிட்டேன். மிச்சத்தைத் தட்டினால் வந்துவிடுகிறது. வாலில் ஏற்கெனவே இருக்கும் துளைகளையே புதுப் பிடிக்கும் வைத்துக்கொள்வது நல்லது. பதம் ஏறிய எஃகில் புதிதாகத் துளை போட சாதாரண ட்ரில் பிட் திணறும்.

அடுத்து முதுகு. எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். கடைக் கத்தியின் முதுகு பெரும்பாலும் சதுரமாக வெட்டியபடியே வருகிறது. கத்தியைப் பிடியோடு சேர்த்துக் கிள்ளிப் பிடித்து நறுக்குகிறவர்களுக்கு, ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி அந்த விளிம்பில்தான் உட்காரும். கொஞ்ச நேரத்தில் சிவந்துபோகும். இரண்டு விளிம்பையும் அரத்தால் சாய்வாக எடுத்து, அப்புறம் எமரித் தாளை நீளப் பட்டையாகக் கிழித்து, முதுகின் குறுக்கே போட்டு, இரு முனையையும் மாறி மாறி இழுத்தேன். முதலில் 220 எண் தாள், பிறகு 400, கடைசியில் 800; எண் கூடக் கூடத் தாள் வழவழப்பாகும். அரம் மெதுவாகத்தான் கடிக்கும். சமையலறைக் கத்திகள், எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில், பெரும்பாலும் 54 முதல் 58 வரை இருக்கும், நல்ல அரம் 65-ஐ ஒட்டி. இந்த இடைவெளி போதும், பொறுமை இருந்தால். முடித்துவிட்டு விரலை வைத்துத் தடவினால் விளிம்பு எங்கே என்றே தெரியவில்லை. பார்க்கிறவர் யாருக்கும் இந்த மாற்றம் கண்ணில் படாது, ஆனால் கத்தியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் கைக்குத் தெரியும்.

இதை பெஞ்ச் கிரைண்டரில் சீக்கிரம் முடிக்கலாமே என்று தோன்றும். கை வேலையே மேல். இந்த வகைக் கார்பன் எஃகு ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸில் பதப்படுத்தப்பட்டிருக்கும். கிரைண்டரில் மெல்லிய இடம் அதைத் தாண்டிச் சூடேற நொடிகள் போதும். எஃகின் மேல் வைக்கோல் நிறம் தெரிந்தால் சுமார் 220 டிகிரி, நீலம் தெரிந்தால் 300-ஐ நெருங்கிவிட்டது. நீலம் ஏறிய இடத்தில் எஃகு மென்மையாகிவிட்டது என்று அர்த்தம். தேய்த்தால் நிறம் போகும், மென்மை போகாது. மெஷின்தான் வேண்டும் என்றால் கையுறை போடாமல் பிடித்து, வெதுவெதுப்பு தெரிந்ததுமே தண்ணீரில் முக்குங்கள்.

புதுப் பிடிக்கு ஈட்டி மரம். அதன் தூள் தோலையும் மூச்சையும் உறுத்தும், முகக்கவசம் இல்லாமல் தேய்க்கவே கூடாது. இதில் ஒரு நுணுக்கம்: மரத்துண்டுகளின் முன்முனையை, அதாவது அலகை ஒட்டி வரும் பகுதியை, ஒட்டுவதற்கு முன்பே வளைத்து மெருகேற்றி முடித்துவிட வேண்டும். ஒட்டியபின் அங்கே உப்புத்தாள் போட்டால் அலகில் கீறல் விழும். எபாக்சிப் பசையில் ஐந்து நிமிடத்தில் இறுகுவதை விட்டுவிட்டு, மெதுவாக இறுகுவதை எடுத்தேன். வாலைச் சொரசொரப்பாக்கி, அசிட்டோனால் துடைத்து, கிளாம்பை அளவாக இறுக்கினேன். ரொம்ப இறுக்கினால் பசை முழுக்க வெளியே வந்து, நடுவில் ஒட்ட எதுவும் மிஞ்சாது. அப்புறம் ஒரு முழு நாள் தொடவில்லை.

பிடியின் வடிவத்தை அளவு போட்டு வரையாமல், கொஞ்சம் தேய்த்து, கையில் பிடித்து, உறுத்தும் இடத்தைப் பென்சிலால் குறித்து, மறுபடி தேய்த்து என்றுதான் கொண்டுவந்தேன். மரத்துக்கும் வாலுக்கும் நடுவே நகம் மாட்டும் அளவுக்கு மேடுபள்ளம் இருக்கக் கூடாது. 400 வரை வந்ததும் ஈரத்துணியால் துடைத்தால் மரநார் எழும்பி நிற்கும். காய்ந்ததும் அதையும் தேய்த்துவிட்டால் பிறகு தண்ணீர் பட்டாலும் வழவழப்பு அவ்வளவாகக் குறையாது. பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். உலரும்போது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவைத்து, பிறகு தண்ணீரில் நனைத்துப் போடுங்கள்.

அலகின் சாம்பல் நிறம் வினிகரில் வந்தது. எண்ணெய்ப் பிசுக்கு துளிகூட இல்லாமல் கழுவிவிட்டு முக்கினால் சீராக ஏறும். இந்தப் படலம் துருவைக் கொஞ்சம் தள்ளிப்போடும், முழுசாகத் தடுக்காது. ஸ்டெயின்லெஸ்ஸில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருப்பதால் வினிகர் அதில் எடுபடாது.

தீட்டுவதைக் கடைசிக்கு வைத்திருந்தேன். 1000 எண் கல்லில் பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி சாய்வு, மறுபக்கம் பிசிறு, அதாவது தீட்டும்போது மடிந்து நிற்கும் மெல்லிய எஃகு விளிம்பு, விரலில் தட்டுப்படும்வரை. பிறகு திருப்பி அதே அளவு, கடைசியில் லேசான கையோடு மாற்றி மாற்றி இழுத்தால் பிசிறு உதிர்ந்துவிடும். இப்போது தினமும் இதைத்தான் பயன்படுத்துகிறேன். வேலை முடிந்ததும் கழுவி உடனே துடைத்து வைத்துவிடுவேன், ஊறவைப்பதில்லை.