மார்த்தாண்டத்துச் சாம்பல் கொழிஞ்சாம்பாறையில் பலிக்கவில்லை

நான் பிறந்தது மார்த்தாண்டம் பக்கம். வாக்கப்பட்டது பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்கு. இரண்டுமே எல்லை ஊர்தான். அங்கே தமிழ்நாட்டுக்குள் இருந்துகொண்டு மலையாளம் கலந்து பேசுவோம்; இங்கே கேரளத்துக்குள் இருந்துகொண்டு கொங்குத் தமிழ் பேசுகிறார்கள். பேச்சு மூன்று மாதத்தில் பழகிவிட்டது. மண் பழக நாலு வருடம் ஆயிற்று. அந்தக் கதையை எழுதுகிறேன், உங்களுடையதையும் கீழே சொல்லுங்கள்.

அம்மா வீட்டில் மண்ணுக்கென்று யாரும் தனியாக எதுவும் செய்ததில்லை. அடுப்புச் சாம்பல் வாழை மூட்டுக்குப் போகும். மீன் கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைக்கு. சக்கை (பலாப்பழம்) மடல் தென்னைக்கு. வருடத்தில் இரண்டு பருவமும் மழை உண்டு. செம்மண்ணைக் குச்சியால் கிளறினாலே மண்புழு நெளியும். இதைப் பார்த்து வளர்ந்ததில் எனக்கே ஏதோ கைராசி இருப்பதாக ஒரு நினைப்பு.

அந்த நினைப்போடு இங்கே மொட்டை மாடியில் 24 குரோ பேக், அதாவது செடி வளர்க்கிற பை, வைத்தேன். தோட்டத்துக் கரிசல் மண், கட்டுத்தரையில் அன்றன்று விழுந்த பச்சைச் சாணம், வெந்நீர் அடுப்புச் சாம்பல். மாதம் ஒரு பிடி சாம்பல் கூடுதலாக. அத்தை பார்த்துவிட்டு, "சாம்பலக் கொண்டாந்து கொட்டாத கண்ணு, இந்த மண்ணே பாதி சுண்ணாம்பு" என்றார். மாமியார் பேச்சு, கேட்டுக்கொண்டேன், செய்யவில்லை.

இரண்டாம் மாதம் கறிவேப்பிலையின் கொழுந்து மஞ்சளாக வந்தது. நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் வெளிறல். நீட்டுப் பயறும் அப்படியே. சத்துக் குறைவு என்று நினைத்து இன்னும் சாம்பல், இன்னும் சாணம். இன்னும் மஞ்சள். ஒரு பையைக் கவிழ்த்துப் பார்த்தால் உள்ளே கட்டைவிரல் பருமனில் வெள்ளை வெள்ளையாகச் சுருண்ட புழுக்கள், பைக்கு ஏழெட்டு. காண்டாமிருக வண்டின் குஞ்சு. மட்கும் சாணம்தான் அதற்குச் சாப்பாடு, செடியை அது பெரிதாகத் தொடுவதில்லை. ஆனால் வண்டாகிப் பறந்தால் நேரே தென்னங்குருத்துக்குப் போகும். எங்கள் சித்தூர் வட்டத்தில் கள்ளும் தேங்காயும்தான் பிழைப்பு. "மாடியில எமன வளக்கறயா?" என்று அத்தை கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

கிருஷி பவனில் (கேரள அரசின் வேளாண் அலுவலகம்) மண் பரிசோதனை பற்றிக் கேட்கப் போனபோது அங்கிருந்த பெண் ஒருத்தி வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கச் சொன்னாள். காய்ந்த மண் ஒரு கரண்டி, மேலே எலுமிச்சைச் சாறு. என் மண் சோடா மாதிரி பொங்கியது. மண்ணில் சுண்ணாம்பு இருந்தால் அப்படித்தான் பொங்குமாம். கேரளத்து மண் பெரும்பாலும் அமில மண். கிழக்கே எங்கள் ஓரத்தில் மட்டும் கரிசல், அது காரம். அம்மா வீட்டு அமில மண்ணுக்குச் சாம்பல் மருந்து. இங்கே இருக்கிற காரத்தை அது இன்னும் ஏற்றிவிடுகிறது. காரம் ஏறினால் மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. கொழுந்து மஞ்சளானது அதனால்தான். அத்தை ஒரே வரியில் சொன்னதை நான் ஆறு மாதம் சுற்றி வந்து தெரிந்துகொண்டேன்.

அப்புறமும் புத்தி வரவில்லை. ஊருக்குப் போய்த் திரும்பும்போது காரின் டிக்கியில் நாலு மூட்டை செம்மண் ஏற்றிக்கொண்டு வந்தேன். வீட்டுக்காரர் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் பருவம் அந்த மண்ணில் கத்தரி காய்த்துத் தள்ளியது. இரண்டாம் பருவம் சுமார். மூன்றாவதில் அதே மஞ்சள். எங்கள் போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். அதே தண்ணீரைத்தான் தினமும் ஊற்றினேன். ஒன்றரை வருடத்தில் அது மார்த்தாண்டத்து மண்ணைக் கொழிஞ்சாம்பாறை மண்ணாக்கிவிட்டது. மூட்டையில் மண் வரும். அதன் மழையும் நிழலும் வராது.

அதோடு மண் கடத்துவதை விட்டேன். இங்கே என்ன இருக்கிறதோ அதிலிருந்து தொடங்கினேன்.

முதலில் கொழிஞ்சி. ரோட்டோரம், வரப்பு, தரிசு எங்கும் தானாக முளைக்கிற செடி. ஆடு மாடு கடிக்காது, வேரில் தழைச்சத்தைச் சேர்த்து வைக்கும். ஊர்ப் பெயரிலேயே அதை வைத்துக்கொண்டு கடையில் உரம் வாங்குகிறாயே என்று மாமா கேலி செய்வார். பூக்கிற பருவத்தில் அறுத்து, துண்டாக்கி, பையின் மேல்மண்ணில் கலந்துவிடுவேன்.

அடுத்தது பலதானிய விதைப்பு. வயலில் செய்வதை நான் பைக்குச் சுருக்கினேன். ஆடியில் காலியான பைகளில் கம்பு, சோளம், உளுந்து, தட்டைப் பயறு, எள், கொத்தமல்லி, சணப்பு என்று டப்பாக்களின் அடியில் கிடப்பதையெல்லாம் தூவுவேன். 45, 50 நாளில் தரையோடு அறுத்து அங்கேயே பரப்புவேன். வேரைப் பிடுங்குவதில்லை. வேர் மட்கிய தடத்தில்தான் காற்றும் நீரும் இறங்குகின்றன. களிமண்ணுக்கு இது பெரிய விஷயம். எங்கள் கரிசல் ஈரத்தில் பசை, வெயிலில் கல். வேர்த்தடம் இல்லாவிட்டால் மேலே ஊற்றுகிற தண்ணீர் ஓரத்து வெடிப்பு வழியாக அடிக்கு ஓடிவிடும்.

மண்ணின் மேல் சருகைப் பரப்புகிற மூடாக்குதான் அதிகம் சோதித்தது. தை மாதம் பாலக்காட்டுக் கணவாயில் அடிக்கிற கிழக்குக் காற்றுக்குச் சருகு எதுவும் நிற்காது. காலையில் பரப்பியது மத்தியானம் பக்கத்து வீட்டு மாடியில் கிடக்கும். கடைசியில் தேங்காய் மட்டையைத் துண்டாக வெட்டி, சருகின் மேல் கவிழ்த்து வைத்தேன். அது பறக்காது, வெயிலைத் தாங்கும். இப்போது மட்டையைத் தூக்கினால் அடியில் வெள்ளை நூலாகப் பூஞ்சை ஓடியிருக்கிறது, மரவட்டை சுருண்டு கிடக்கிறது. முதலில் பார்த்தபோது நோய் என்று பயந்து எடுத்து எறிந்தேன். மட்கைத் தின்னும் பூஞ்சை அது, விட்டுவிட வேண்டியது.

ஜீவாமிர்தம் என்கிற சாணக் கரைசலும் உண்டு. இயற்கை விவசாயம் சொல்லித்தருகிற பாலேக்கர் சொல்வது ஒரு ஏக்கருக்கு 200 லிட்டர். நான் அதை இருபதில் ஒன்றாக்கி ஒரு பக்கெட்டில் செய்கிறேன்: 10 லிட்டர் தண்ணீர், அரைக் கிலோ சாணம், அரை லிட்டர் கோமியம், 100 கிராம் வெல்லம், 100 கிராம் உளுந்து மாவு, புங்க மரத்தடி மண் ஒரு பிடி. வெல்லத்துக்குப் பதில் அம்மா அனுப்புகிற கருப்பட்டியில் பூத்துப் போனதைப் போடுவேன். நிழலில் 48 மணி நேரம், காலை மாலை கலக்கல், ஒரு வாரத்துக்குள் ஊற்றி முடித்துவிட வேண்டும். இதை மட்டும் ஊற்றினால் மண் மாறிவிடும் என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. உள்ளே தின்ன மட்கு இல்லாத மண்ணில் நுண்ணுயிரைக் கொண்டுபோய் விடுவது, அரிசி இல்லாத வீட்டுக்கு விருந்தாளியை அழைக்கிற மாதிரி.

கறிவேப்பிலைக்கு மட்டும் பதினைந்து நாளுக்கு ஒரு முறை புளித்த மோர். மழைநீரை இரண்டு டிரம்மில் பிடித்து வைத்திருக்கிறேன், அது நாற்றுக்கு. சாணத்தைக் குழியில் நன்றாக மட்கி மண் வாசனை வந்த பிறகுதான் தொடுகிறேன்.

போன மாதம் ஒரு சோதனை. தரையில் கிடந்த காய்ந்த கரிசல் கட்டி ஒன்று, பையிலிருந்து எடுத்த கட்டி ஒன்று, இரண்டையும் ஆளுக்கொரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டேன். முதலாவது ஐந்து நிமிடத்தில் கரைந்து சேறாயிற்று. இரண்டாவது சாயங்காலம் வரை கட்டியாகவே இருந்தது. வேரும் பூஞ்சையும் விடுகிற பசைதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. நாலு வருடத்தில் வாங்கிய மார்க் ஷீட் எனக்கு அதுதான்.

களியக்காவிளையிலிருந்து ஒருவர்

சாம்பலைக் குற்றம் சொல்லியாச்சு, எங்கள் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள். இங்கே வெட்டுகல் மண் (செம்புரை மண்), மழை சுண்ணாம்புச்சத்தையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். சாம்பல் போடாமல் எனக்குப் பயறு காய்த்ததில்லை. ஆனால் சாம்பலையும் புதுச் சாணத்தையும் ஒன்றாகக் கலக்காதீர்கள், மூக்கைத் துளைக்கும் நெடி வரும். அது தழைச்சத்து காற்றில் போகிற நெடி. இடையில் இரண்டு வாரம் விடுவேன்.

வண்டுக் குஞ்சுக்கு எங்கள் அப்பா செய்வது: பெருவலம் செடியை வேரோடு பிடுங்கி எருக்குழியில் போட்டு மூடுவார். அந்தக் குழியில் புழு வண்டாக வளராது. தென்னை ஆராய்ச்சிக்காரர்களும் இதைச் சொல்கிறார்கள்.

என் சொந்தத் தோல்வி மீன் அமிலம். ஒரு கிலோ மத்திச் சாளை, ஒரு கிலோ வெல்லம், 21 நாள், எல்லாம் சரி. மூடியை இறுக்க மறந்தேன். தெருவில் உள்ள அத்தனை பூனையும் வந்தது. வடிகட்டியதை ஊற்றிய அன்று ராத்திரி ஆறு தொட்டியையும் தோண்டிப் போட்டுவிட்டன. லிட்டருக்கு 5 மில்லிக்கு மேல் ஊற்றாதீர்கள், மேலே மண் போட்டு மூடுங்கள்.

செங்கோட்டையிலிருந்து

மண்புழு உரம் சொந்தமாகச் செய்ய ஆசைப்பட்டு அரைக் கிலோ புழு வாங்கினேன். தொட்டிக்கு இருபது என்று எண்ணி விட்டேன். சாரல் ஆரம்பித்த ராத்திரி மொத்தமும் சுவரேறிவிட்டது. காலையில் படியெல்லாம் புழு, அம்மா கூட்டிப் பெருக்கினாள்.

பிறகுதான் தெரிந்தது, உரத்துக்கு விற்கிற புழு குப்பையின் மேல்மட்டத்தில் வாழ்கிற ஜாதி. மண்ணைத் துளைத்துக்கொண்டு அடியில் இருக்காது. தொட்டி மண்ணுக்கு நம்மூர்ப் புழு போதும். தோட்டத்தில் ஈரச் சாக்கை விரித்து அடியில் மட்கிய சாணம் வைத்தால் ஒரு வாரத்தில் தானாக வந்து சேரும். அதில் பத்துப் பன்னிரண்டை எடுத்து விட்டேன். அவை எங்கேயும் போகவில்லை.

குப்பத்திலிருந்து (ஆந்திரா)

பள்ளியில் தெலுங்கு படித்தவன், தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். எங்களுக்குப் பட்டுப்புழு வளர்ப்பு. தட்டில் மிஞ்சுகிற முசுக்கொட்டை இலையும் புழு எச்சமும் நல்ல எரு. அதை ஈரமாகவே ரோஜாத் தொட்டியில் போட்டு, சூடேறி வேர் வெந்து, ஒன்பது ரோஜா போய்விட்டது. இப்போது குழியில் மூன்று மாதம்.

அக்கா எழுதியதைப் படித்ததும் ஒன்று தட்டியது. புழு தோல் உரிக்கும்போது தட்டில் சுண்ணாம்புத் தூள் தூவுவோம். அதுவும் எருவில்தானே சேர்ந்து வருகிறது! எலுமிச்சை பிழிந்தேன். பொங்கியது. எங்கள் செம்மண்ணில் பிழிந்தால் ஒன்றும் இல்லை. இவ்வளவு நாள் இதை மல்லிக்கும் எலுமிச்சைக்கும் ஒரே அளவில் போட்டுக்கொண்டிருந்தேன். எலுமிச்சைக் கொழுந்து ஏன் வெளிறியிருக்கிறது என்று இனிமேல் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

கடலைத் தோலை மூடாக்காகப் போட்டவர்கள் இருந்தால் எழுதுங்கள். எனக்கு அதில் கறையான் வந்துவிட்டது.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து மறுபடியும் நான்

குப்பத்துத் தம்பி, கறையானுக்குக் கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு தூவுங்கள். எனக்கு மட்டையில் வந்தபோது அப்படித்தான் நின்றது.

களியக்காவிளை அண்ணாச்சி, பெருவலத்தைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். வேலியிலேயே நிற்கிறதாம், இத்தனை நாள் களை என்று வெட்டிக்கொண்டிருந்தாளாம்.

அம்மா போன ஓணத்துக்கு இங்கே வந்திருந்தாள். மாடியைப் பார்த்தாள், மட்டையைத் தூக்கிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது அத்தையிடம் கேட்டு ஒரு பொட்டலம் கொழிஞ்சி விதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். முளைத்ததா என்று நேற்று போனில் கேட்டேன்.

"முளைச்சிருக்கு மக்களே. ஆடு வந்து மோந்து பாத்துட்டுப் போயிட்டு."