பழுதிடைக் காலம்: ஓடிய நேரமா, நின்ற நேரமா?

காட்பாடி ஆசிரியர்:
ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஷாப்புகளில் மெஷின் பார்க்கும் ஆட்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தோலை மருந்தில் போட்டுச் சுழற்றும் ஒரு டிரம்மைச் சரிசெய்து ஓட்டினால், அடுத்த பழுது வரும்வரை சராசரியாக எத்தனை மணி ஓடுகிறது? அந்தக் கணக்கை ஆங்கிலத்தில் எம்டிபிஎஃப் என்பார்கள். நான் 'பழுதிடைக் காலம்' என்று போட்டிருக்கிறேன். மெஷினை எவ்வளவு நம்பி ஓட்டலாம் என்று பார்க்கும் அந்தப் பாடத்தின் தலைப்பு 'நம்பகப் பகுப்பாய்வு'. ஆட்சேபம் உண்டா?

குடியாத்தம் புலவர்:
உண்டு ஐயா. இடை என்பது ஏழாம் வேற்றுமை உருபு, நன்னூல் பட்டியலிலேயே இருக்கிறது. பழுதிடை என்றால் பழுதின்கண். ஆக, மெஷின் பழுதாகிக் கிடந்த நேரம்! அப்புறம் அந்த 'நம்பகம்'. தொல்காப்பியர் உரியியலில் 'நம்பு' என்பதற்கு நசை, அதாவது விருப்பம் என்றல்லவா பொருள் சொல்கிறார்? மெஷின்மேல் ஆசைப் பகுப்பாய்வா நடத்தப் போகிறீர்கள்? 'தேற்றம்' என்று வையுங்கள். ஏகாரத்துக்கு உறுதிப் பொருளாகச் சொல்லும் அதே தேற்றம்தான்.

ஆம்பூர் கணக்கு டீச்சர்:
வேண்டாம் ஐயா. தேற்றம் என்றதும் எல்லாருக்கும் பிதாகரஸ்தான் ஞாபகம் வருவார்.

இராணிப்பேட்டை பராமரிப்பாளர்:
நசையைப் புலவர் ஐயாவிடமே விட்டுவிடுகிறேன். ஆனால் 'இடை' விஷயம் விளையாட்டில்லை. மெஷின் 190 மணி ஓடி, பழுதுபார்க்க 10 மணி நின்றால், 200-இல் 190 மணி கைக்கு உதவியது, 95 விழுக்காடு. பழுதிடையை நின்ற நேரமாக எடுத்து 10-ஐ மேலே போட்டால் 5 விழுக்காடு வரும். நைட் ஷிப்டில் யார் போய் விளக்குவது? நஷ்டமும் மணிக்கணக்கோடு முடிவதில்லை. பாதியில் டிரம் நின்றால் உள்ளே இருக்கும் தோலில் மருந்து சீராக ஏறாது. எங்கள் ஆட்கள் 'ஓட்டம்' என்பார்கள். 'சராசரி ஓட்ட நேரம்' போதும்.

காட்பாடி ஆசிரியர்:
கரண்ட் போனாலும் ஓட்டம் நிற்கிறதே? அது மெஷின் பழுதில்லையே. அதனால் 'பழுதின்றி ஓடும் சராசரி நேரம்'. நீளம்தான். 'நம்பகம்' இருக்கட்டும். பி.எட். படித்தவர்களுக்கே பழகிய சொல்.

ஆம்பூர் கணக்கு டீச்சர்:
'சராசரி'யைத் தடித்த எழுத்தில் போடுங்கள். 190 என்றதும் 190 மணிக்குக் கேரண்டி என்று நினைத்துவிடுவார்கள். தற்செயலாக வரும் பழுதென்றால் அத்தனை மணி தாங்கும் வாய்ப்பு சுமார் 37 விழுக்காடுதான். பழுது எப்போது வரும் என்ற வாய்ப்பைக் கணக்கிட, 1951-இல் ஸ்வீடன்காரர் வெய்புல் எழுதிய கட்டுரையால் பிரபலமான ஒரு வாய்ப்புப் பரவல் உண்டு. அதில் ஒரு வடிவ எண் வரும். அது 1-க்குக் கீழே என்றால் புதிதில் வரும் கோளாறு, மேலே என்றால் தேய்மானம். தேய்மானமாக இருந்தால்தான் பேரிங்கை முன்கூட்டியே மாற்றுவதில் பலன். சும்மா மாதாமாதம் மாற்றுவது காசுக்குக் கேடு. அந்த எண்ணுக்கும் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும், ஆனால் இந்த வாரம் வேண்டாம்.

குடியாத்தம் புலவர்:
நான்கு சொல்லில் ஒரு கலைச்சொல்லா? 'இருபழுதிடைக் காலம்' என்றால் ஐயமே இல்லை. இரண்டு பழுதுக்கு நடுவே.

இராணிப்பேட்டை பராமரிப்பாளர்:
'இரு, பழுது' என்று படிப்பான் ஐயா. இருந்துவிடுவான்.

காட்பாடி ஆசிரியர்:
சரி, மூவர் ஒரு பக்கம். 'பழுதின்றி ஓடும் சராசரி நேரம்' என்றே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

குடியாத்தம் புலவர்:
அனுப்புங்கள். 'தேற்றம்' கணக்கு வாத்தியார்களின் சொத்தல்ல. அடுத்த பதிப்பில் மறுபடி எடுப்பேன்.