டெரியா, லண்டன்டெரியா? வட அயர்லாந்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட கதைகள்

பெல்ஃபாஸ்ட்வாசி:

போன வாரம் ஊரிலிருந்து மாமா போனில் கேட்டார்: “நீ இருக்கிறது அயர்லாந்தா, இங்கிலாந்தா?” இரண்டும் இல்லை மாமா என்றேன். “அப்போ அது எந்த நாடு?” அரை மணி நேரம் விளக்கியும் அவருக்குப் பிடிபடவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களைக் கேட்டால் ஒருவர் பிரிட்டன் என்பார், இன்னொருவர் அயர்லாந்து என்பார், மூன்றாமவர் பேச்சை மழைக்கு மாற்றிவிடுவார்.

நான் வந்த புதிதில் நடந்தது இது. அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு மேசை, எட்டுப் பேர் இருந்தோம். “சனிக்கிழமை லண்டன்டெரி போகிறேன்” என்றேன். வரைபடத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. ஒரு நொடி கரண்டிச் சத்தம்கூட இல்லை. பிறகு எதிரில் இருந்தவர் சாதாரணமாக, “டெரிக்கா? டெரியில் எப்போதும் மழைதான், கோட் எடுத்துக்கொள்” என்றார். கொஞ்ச நேரம் கழித்துக் காபி மெஷின் பக்கத்தில் இன்னொருவர் வந்து, “லண்டன்டெரியில் கோட்டைச் சுவர் மேலே ஒரு சுற்று நடந்துவிடு” என்றார். இரண்டு பேரும் எனக்கு நல்ல யோசனைதான் சொன்னார்கள். கூடவே தாங்கள் எந்தப் பக்கம் என்பதையும் சொல்லிவிட்டுப் போனார்கள் என்று விளங்க எனக்கு ஒரு மாதம் ஆனது.

ஊரின் பழைய பெயர் டெரி. 1613-இல் லண்டன் வணிகச் சங்கங்களின் கைக்கு ஊர் போனபோது முன்னால் ‘லண்டன்’ ஒட்டிக்கொண்டது. அயர்லாந்தோடு சேர வேண்டும் என்கிற தேசியவாதிகள், பெரும்பாலும் கத்தோலிக்கர், டெரி என்பார்கள். பிரிட்டனோடு இருக்க விரும்பும் யூனியனிஸ்ட்டுகள், பெரும்பாலும் புராட்டஸ்டன்ட், லண்டன்டெரி என்பார்கள். (அந்த ஊர்க்காரப் புராட்டஸ்டன்ட்டுகளில் பலர் பேச்சுவாக்கில் டெரி என்றே சொல்வது தனிக்கதை.) இரண்டையும் சாய்கோடு போட்டு எழுதுவதால், ஜெர்ரி ஆண்டர்சன் என்ற வானொலிக்காரர் ‘ஸ்ட்ரோக் சிட்டி’ (ஸ்ட்ரோக் என்றால் சாய்கோடு) என்று கிண்டலாகப் பெயர் வைத்தார். அதுவும் நிலைத்துவிட்டது.

நாட்டின் பெயரிலும் இதே வம்புதான். அல்ஸ்டர் என்ற பழைய மாகாணத்தில் ஒன்பது கவுண்டிகள், நம் மாவட்டம் மாதிரி. 1921-இல் அயர்லாந்தைப் பிரித்தபோது அதில் ஆறு மட்டும் வட அயர்லாந்தாகி பிரிட்டனோடு இருந்துவிட்டன. டொனிகால், காவன், மொனஹன் மூன்றும் தெற்கே அயர்லாந்தோடு போயின. ஆனாலும் ஒரு தரப்பு ஆறு கவுண்டியையே ‘அல்ஸ்டர்’ என்னும். மறுதரப்பு ‘வடக்கு’ என்னும், கொஞ்சம் காரமானவர்கள் ‘ஆறு கவுண்டி’ என்பார்கள்.

சரி, உங்களுக்கு என்ன நடந்தது? சொல்லுங்கள்.


ராத்திரி ஷிஃப்ட் நர்ஸ்:

எனக்கு ஊர்ப் பெயரில் இல்லை தம்பி, ஒரு எழுத்தில் நடந்தது.

வார்டில் போனில் என் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நம் பக்கத்துப் பழக்கப்படி ‘ஹெச்’ என்றேன். கட்டிலில் படுத்திருந்த பாட்டி கண்ணைத் திறந்து, “அப்போ நீ நம்ம ஆளு” என்று சிரித்தார். ஒன்றும் புரியவில்லை. அப்புறம் கூட வேலை செய்யும் பெண் சொன்னாள்: இங்கே கத்தோலிக்கப் பள்ளியில் படித்தவர்கள் ‘ஹெய்ச்’ என்பார்கள், புராட்டஸ்டன்ட்டுகள் ‘எய்ச்’ என்பார்கள். கலவரக் காலத்தில் யாரென்று தெரியாதவனை ஆங்கில எழுத்துகளை ஒப்பிக்கச் சொல்லிக் கண்டுபிடித்த கதைகள் உண்டாம். அந்தக் கணக்கில் தமிழ்நாடு முழுக்கக் கத்தோலிக்கர்தான்!

இன்னொன்று. முதல் வருடம் பெல்ஃபாஸ்ட்டில் ஃபால்ஸ் ரோடு பக்கத்து மருத்துவமனையில் வேலை முடித்து, ஷாங்கில் பக்கம் குடியிருந்த தோழி வீட்டுக்குக் கிளம்பினேன். ஒன்று கத்தோலிக்கத் தெரு, மற்றது புராட்டஸ்டன்ட் தெரு, கிட்டத்தட்ட இணையாகவே போகும். போனில் மேப் ஐந்து நிமிடம் என்றது. அது சொன்ன வழியில் போனால் எதிரில் பெரிய இரும்புக் கேட், பூட்டியிருக்கிறது. மழை, இருட்டு, நான் மட்டும். “நேராகச் செல்லவும்” என்று மேப் அம்மா விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஊரைச் சுற்றிக்கொண்டு இருபது நிமிடத்தில் போய்ச் சேர்ந்தேன்.

அதுதான் ‘அமைதிச் சுவர்’. இரு பக்கமும் வீடு கொளுத்தல் நடந்த 1969-இல் தற்காலிகம் என்று சொல்லித்தான் கட்டத் தொடங்கினார்கள். குப்பர் வே என்ற தெருவில் போய்ப் பாருங்கள்: கீழே கான்கிரீட், அதற்கு மேல் தகரம், அதற்கும் மேல் கம்பி வலை. ஒவ்வொரு அடுக்கும் ஒவ்வொரு காலத்துப் பயம். பெர்லின் சுவர் 28 வருடம் நின்றது. இது அதைப் போல இரண்டு மடங்கு காலத்தையும் தாண்டி நிற்கிறது. 2023-க்குள் எல்லாச் சுவரையும் எடுத்துவிடுவோம் என்று 2013-இல் ஆட்சியில் இருந்தவர்கள் சொன்னார்கள். 2023 வந்தது, போனது. சுவரை ஒட்டி வீடு உள்ளவர்களில் பலருக்கே அதை எடுப்பதில் தயக்கம். பின்பக்கம் கல் வந்து விழுந்த வீட்டில் இருந்து பார்த்தால்தான் அது தெரியும்.

சுற்றுலாவாக வருகிறவர்களைக் கறுப்பு டாக்சியில் கூட்டிப்போய், சுவரில் எழுத பேனா கொடுப்பார்கள். நான் எழுதவில்லை. என்ன எழுதுவது?


தூத்துக்குடிக்காரன்:

அந்தப் பழைய ஜோக் எனக்கு நிஜமாகவே நடந்தது. டாக்சிக்காரர் கேட்டார், “நீ கத்தோலிக்கனா, புராட்டஸ்டன்ட்டா?” என் பக்கத்தில் இருந்த நண்பன் முந்திக்கொண்டு “நாங்கள் இந்து” என்றான். “அது சரி, கத்தோலிக்க இந்துவா, புராட்டஸ்டன்ட் இந்துவா?” நாங்கள் ஏறியதிலிருந்தே அதைச் சொல்லக் காத்திருந்த மாதிரி அவரே விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தேன். நான் நிஜமாகவே கத்தோலிக்கன். பனிமய மாதா கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவன்.

இன்னொரு நாள் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. பழைய துணிக் கடையில் ஐந்து பவுண்டுக்குப் பச்சை வெள்ளைப் பட்டை போட்ட சட்டை ஒன்று வாங்கினேன். அழகான சட்டை. அதைப் போட்டுக்கொண்டு ஷாங்கில் ரோட்டில் ரொட்டி வாங்கப் போனேன். கல்லாவில் இருந்த அம்மா சில்லறையை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டு, மெதுவாகச் சொன்னார்: “கண்ணு, அந்த ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டுக்கோ.” அது கிளாஸ்கோவின் செல்டிக் அணிச் சட்டை. கத்தோலிக்கர் அணி. அந்தத் தெரு அதன் எதிரணியான ரேஞ்சர்ஸின் நீலத்துக்கு உரியது. அந்த அம்மா எந்தப் பக்கம் என்று எனக்கு இன்றும் சந்தேகமில்லை. இருந்தாலும் என்னைக் காப்பாற்றியது அவர்தான்.


டெரி மாணவன்:

நான் இங்கே அல்ஸ்டர் பல்கலைக்கழகத்தின் மகீ வளாகத்தில் முதுகலை படிக்கிறேன். வகுப்பு இல்லாத நாளில் கோட்டைச் சுவர் மேல் நடப்பேன். ஒன்றரை கிலோமீட்டர் சுற்று, 1619-இல் கட்டி முடித்தது. அங்கிருந்து கீழே பார்த்தால் போக்சைட், கத்தோலிக்கர் குடியிருப்பு. ‘சுதந்திர டெரிக்குள் நுழைகிறீர்கள்’ என்று எழுதிய வெள்ளைச் சுவர் அங்கேதான் இருக்கிறது. மேலே பீரங்கி, கீழே சுவரோவியம். இந்த ஊர் வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது.

1972 ஜனவரி 30, ஞாயிற்றுக்கிழமை, இந்தத் தெருக்களில்தான் சிவில் உரிமை ஊர்வலம் போனவர்கள்மேல் பிரிட்டிஷ் பாராசூட் படை சுட்டது. பதின்மூன்று பேர் அன்றே இறந்தார்கள், காயம்பட்ட இன்னொருவர் பின்னால் இறந்தார். உடனே நடந்த முதல் விசாரணை ராணுவத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. சாவில் (Saville) என்ற நீதிபதி நடத்திய இரண்டாம் விசாரணையின் அறிக்கை வந்து, பிரதமர் கேமரன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2010-இல். முப்பத்தெட்டு வருடம். அன்று கில்டுஹால் சதுக்கத்தில் திரண்டு நின்று அந்தப் பேச்சைப் பெரிய திரையில் கேட்டவர்களில் ஒருவர் எனக்கு வீடு வாடகைக்கு விட்டிருப்பவர். “அதற்குள் பாதி அம்மாக்கள் போய்விட்டார்கள்” என்றார். அதற்கு மேல் பேசவில்லை, டீ போடப் போய்விட்டார்.

க்ரெய்கவன் பாலத்து முனையில் இரண்டு மனிதர்கள் கை நீட்டிக்கொண்டு நிற்கும் வெண்கலச் சிலை இருக்கிறது, 1992-இல் வைத்தது. கைகள் தொடாது. விரல்களுக்கு நடுவே என் கையை விட்டுப் பார்த்தேன், கொஞ்சம்தான் இடைவெளி. 2011-இல் திறந்த அமைதிப் பாலம் ஃபாயில் ஆற்றின் மேல் பாம்பு மாதிரி வளைந்து இரு கரைகளையும் இணைக்கிறது. சாயங்காலம் பிள்ளைகள் அதில் ஓடிப் பிடித்து விளையாடுவதைப் பார்ப்பேன்.

இனி என் குறை. ஊர் எல்லையில் சில மைல் போனால் டொனிகால், அதாவது அயர்லாந்துக் குடியரசு. சோதனைச் சாவடி கிடையாது, வேலி கிடையாது. முன்னால் ராணுவக் காவல் கோபுரங்கள் இருந்த எல்லை இது. இப்போது சாலை ஓரக் கோடு வெள்ளையிலிருந்து மஞ்சளாகும், வேகப் பலகை மைலிலிருந்து கிலோமீட்டராகும், அவ்வளவுதான். வகுப்புத் தோழர்கள் சனிக்கிழமை அங்கே கடற்கரைக்குப் போகிறார்கள். பெட்ரோல் எந்தப் பக்கம் மலிவோ அங்கே போட்டுக்கொள்கிறார்கள். எனக்கு மட்டும் அந்த எல்லை இருக்கிறது. பிரிட்டன் மாணவர் விசா அந்தப் பக்கம் செல்லாது, அயர்லாந்து விசா தனியாக எடுக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் கவனியுங்கள்: டிக்கெட் மலிவு என்று டப்ளினில் இறங்கி பஸ் பிடித்துக்கொள்ளலாம் என நினைக்காதீர்கள்.


அம்மாவோடு போன பயணி:

எல்லாரும் கனமாகப் பேசுகிறீர்கள், நான் கல்லைப் பற்றிப் பேசுகிறேன்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஜயன்ட்ஸ் காஸ்வே போனேன். கடலோரம் ஏறத்தாழ நாற்பதாயிரம் பாறைத் தூண்கள், பெரும்பாலும் அறுகோணம். ஆறு கோடி வருடத்துக்கு முன் எரிமலைக் குழம்பு ஆறும்போது விரிசல் விட்டு உண்டானவை. ஃபின் மகூல் என்ற அரக்கன் ஸ்காட்லாந்து அரக்கனோடு சண்டை போடக் கடலில் போட்ட பாலம் என்பது ஊர்க்கதை. ஆனால் எதிராளி தன்னைவிடப் பெரியவன் என்று தெரிந்ததும் ஃபின் வீட்டுக்கு ஓடிவர, மனைவி அவனைக் குழந்தை மாதிரி போர்த்தித் தொட்டிலில் போட்டாளாம். வந்தவன் “குழந்தையே இவ்வளவு பெரிதென்றால் அப்பன் எப்படி இருப்பான்” என்று பாலத்தைப் பிய்த்துக்கொண்டு ஓடினான். அம்மாவுக்குக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு தூணில் உட்கார்ந்து, மேல்பக்கக் குழியில் நின்ற மழைத் தண்ணீரைத் தொட்டுப் பார்த்து, “ஆட்டுக்கல் மாதிரி இருக்குடா” என்றார்.

காரிக்-எ-ரீட் கயிற்றுப் பாலத்தில் அம்மா ஏறவில்லை. சால்மன் மீனவர்கள் தீவுக்குப் போகப் போட்ட பாலம், கீழே முப்பது மீட்டரில் கடல். நான் ஏறினேன், பாதியில் வருத்தப்பட்டேன்.

பெல்ஃபாஸ்ட்டில் டைட்டானிக் அருங்காட்சியகம், கப்பலைக் கட்டிய அதே இடத்தில். இங்கே கட்டிய கப்பல் மூழ்கியதில் என்ன பெருமை என்று காவலாளியிடம் கேட்டுவிட்டேன். “இங்கிருந்து கிளம்பும்போது நல்லாத்தான் இருந்தது” என்றார் முகம் மாறாமல். அதே வரி கடையில் டி-ஷர்ட்டிலும் தொங்கியது.

சைவர்களுக்கு: ‘அல்ஸ்டர் ஃப்ரை’ என்ற காலைச் சாப்பாடு வாங்கினால் பன்றி இறைச்சியைத் தள்ளிவிட்டு, உருளைக்கிழங்கு ரொட்டியும் சோடா ரொட்டியும் மட்டும் கேளுங்கள். உருளை ரொட்டி நம் ஆலு பராத்தாவின் உப்பு குறைந்த தம்பி.


ஓமாவாசி:

எல்லாவற்றையும் படித்தேன். நான் அதிகம் எழுதுகிறவன் இல்லை, ஒன்றே ஒன்று சொல்கிறேன்.

1998 ஏப்ரல் 10, புனித வெள்ளி அன்று அமைதி ஒப்பந்தம் ஆனது. அமெரிக்க முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செல் நடத்திய பேச்சுவார்த்தை. இங்கே பிறந்தவர் பிரிட்டிஷ் என்றோ ஐரிஷ் என்றோ இரண்டும் என்றோ இருந்துகொள்ளலாம், பெரும்பான்மை கேட்டால் ஒழிய நாடு மாறாது, இரு தரப்பும் சேர்ந்தே ஆள வேண்டும் என்பவை அதன் உயிர். மே மாதம் வாக்கெடுப்பில் வடக்கில் 71 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். தேசியவாதத் தலைவர் ஜான் ஹ்யூமுக்கும் யூனியனிஸ்ட் தலைவர் டேவிட் டிரிம்பிளுக்கும் நோபல் பரிசு. முப்பது வருடத்தில் 3,500-க்கும் மேல் செத்த பூமியில் அது சின்ன விஷயம் இல்லை. 2007-இல் தீவிர யூனியனிஸ்ட் பெய்ஸ்லியும் முன்னாள் ஐ.ஆர்.ஏ. ஆயுதக் குழுத் தலைவர் மக்கின்னஸும் ஒரே மேசையில் உட்கார்ந்து சிரித்ததை நம்ப முடியவில்லை என்று இன்றும் சொல்கிறார்கள். நடுவில் ஸ்டார்மான்ட் என்கிற இங்கத்திய சட்டசபை வருடக்கணக்கில் பூட்டிக்கிடந்ததும் உண்டு. பெரும்பாலான பிள்ளைகள் இன்னும் தனித்தனிப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். 2024 ஆகஸ்டில் பெல்ஃபாஸ்ட்டில் வந்தேறிகளின் கடைகள் எரிந்தபோது நாமும் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். அதையும் இங்கே யாராவது சொல்ல வேண்டும்.

நான் சொல்ல வந்தது வேறு. நான் இந்த ஓமா ஊரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்த முதல் ஆகஸ்ட் 15. நம் சுதந்திர தினம் ஆயிற்றே என்று ரவா லட்டு பிடித்து, மூவர்ணத் தாள் ஒட்டிய டப்பாவில் எடுத்துப்போய் இடைவேளை அறையில் வைத்தேன். “இன்று எங்களுக்குப் பண்டிகை, எடுத்துக்கொள்ளுங்கள்” என்றேன். யாரும் எடுக்கவில்லை. கடைசியில் மூத்தவர் ஒருவர் என்னை வெளியே கூட்டிப்போய் மார்க்கெட் தெருவைக் காட்டி, அங்கே முன்பு நடந்ததைச் சொன்னார். அப்போது ஒப்பந்தம் முடிந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது, ஒப்பந்தம் ஆன அதே 1998, இதே ஆகஸ்ட் 15, சனிக்கிழமை. ஒப்பந்தத்தை ஏற்காத ஒரு குழு காரில் குண்டு வைத்தது. எச்சரிக்கை போன் வந்தது, ஆனால் இடம் தெளிவாக இல்லை. போலீஸ் மக்களை நீதிமன்றப் பக்கமிருந்து தள்ளித் தள்ளி அனுப்பியது, குண்டு இருந்த பக்கமே. இருபத்தொன்பது பேர் செத்தார்கள், அதில் ஒருத்தி வயிற்றில் இரட்டைக் குழந்தை.

அங்கே இப்போது ஒரு கண்ணாடித் தூண், உள்ளே இதயம் போல ஒரு படிகம். கொஞ்சம் தள்ளி நினைவுப் பூங்காவில் 31 சின்னக் கண்ணாடிகள், பிறக்காத இரண்டையும் சேர்த்து. வெயில் வந்தால் அந்தக் கண்ணாடிகளில் படும் ஒளி, தெரு தாண்டி இந்தப் படிகத்தில் விழும்படி அமைத்திருக்கிறார்கள். அன்று மேகமூட்டம். அவரும் நானும் பத்து நிமிடம் நின்றோம், வெயில் வரவில்லை.

திரும்பி வந்து டப்பாவை மூடப் போனேன். “வேண்டாம், இருக்கட்டும்” என்று ஒரு லட்டை எடுத்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் டப்பா காலி.